ஒன்பது ஆம்பூல்

மேட்ரன் அறைக்கு உடனே வரச் சொல்லி ஆள் வந்தபோது, பவதாரிணி ஐந்தாம் படுக்கை நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைக் குறித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். டூட்டி மாற்றமாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட முடியவில்லை. புதிதாக வந்தவர்களைத்தான் வார்டு வார்டாகத் தூக்கிப் போடுவார்கள்.

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மேட்ரன் தமிழ்வாணி. பக்கத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் டாக்டர் முத்திருளன். கீழ்த்தள மருந்தகத்தின் பொறுப்பாளர் ஒருவர். ஓரத்து நாற்காலியில், அவளுடைய வார்டின் மூத்த நர்ஸ் முத்துமீனா. அக்காவைப் பார்த்ததும் பவதாரிணிக்குச் சிரிப்பு வந்தது. முத்துமீனா திரும்பிச் சிரிக்கவில்லை. யாரும் உட்காரவும் சொல்லவில்லை.

மேசைமேல் வார்டின் நீல அட்டை ரிஜிஸ்டர் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபென்டனில் ஊசிக்கு மட்டும் தனியாக வைத்திருக்கும் ரிஜிஸ்டர் அது. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் கடும் வலிக்குப் போடும் மருந்து. போதைக்கும் பயன்படும் என்பதால் இரட்டைப் பூட்டு போட்ட அலமாரியில் இருக்கும். கண்ணாடிக் குப்பியான ஆம்பூல் ஒன்றை எடுத்தால் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதி, போட்டவர் ஒரு கையெழுத்தும் சாட்சியாக நின்றவர் ஒரு கையெழுத்தும் போட வேண்டும்.

"இது ஒன் கையெழுத்தா?" என்று கேட்டார் தமிழ்வாணி.

பவதாரிணி குனிந்து பார்த்தாள். "ஆமா மேடம்."

"இது?"

"ஆமா."

தமிழ்வாணி பக்கத்தைத் திருப்பினார். விரல் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு வரியிலும் ப என்று தொடங்கி வாலை இழுத்து முடிக்கும் அவளுடைய கையெழுத்து. ஒன்பது இடங்கள்.

"ரெண்டு வாரத்துல ஒம்பது ஆம்பூல்," என்றார் டாக்டர் முத்திருளன். "இந்த ஒம்பதையும் எந்த டாக்டரும் எழுதித் தரல. எந்த நோயாளியோட கேஸ் ஷீட்லயும் இல்ல. அலமாரியிலயும் இல்ல. நீ எடுத்துப் போட்டதா நீயே கையெழுத்துப் போட்டிருக்க. யாருக்கும்மா போட்ட?"

கேள்வி காதில் விழுந்தது. பொருள் மட்டும் ஏறவில்லை. அவள் மறுபடியும் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் அதே வரியில் இருந்த நோயாளி பெயர், மணி, அளவு எதுவும் அவள் எழுதியதல்ல. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. காலை ஏழரைக்கு டூட்டி மாறும்போது முத்துமீனா ரிஜிஸ்டரை அவள் முன்னால் தள்ளுவாள். 'எட்டு மணிக்கு மேல மூச்சு விட நேரமிருக்காது பவா. நாலு வரிக்கு முன்னாடியே போட்டு வச்சிரு. நான் நெரப்பிக்கிறேன்.' எல்லா வார்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

அவளுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா? அக்காதான் இங்கே இருக்கிறாளே.

"மேடம், இதெல்லாம் நான் எழுதல. காலையில வெறும் கையெழுத்து மட்டும் போட்டு வைப்பேன். அக்காதான் போடச் சொல்லுவாங்க. அக்கா, சொல்லுங்கக்கா."

முத்துமீனா தலையை நிமிர்த்தினாள். கண் கலங்கியிருந்தது. "நானா?" என்றாள் மெல்ல. "நான் எப்பச் சொன்னேன் பவா?"

முத்திருளன் முத்துமீனா பக்கம் திரும்பினார்.

"நல்ல பொண்ணு சார் இவ," என்று முத்துமீனா டாக்டரிடம் தொடர்ந்தாள். "எடுத்துட்டேன், போட்டுட்டேன்னு சொல்லுவா. நம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நின்னு பாக்காதது என் தப்புதான். ஆனா இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார்."

பவதாரிணி அவளையே பார்த்தாள். சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சாப்பாடு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவள். நரம்பு கிடைக்காத நோயாளியிடம் கைநடுங்கி நின்றபோது பக்கத்தில் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டவள். அதே முகம்தான். அதே மூக்குத்தி.

"பையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றார் முத்திருளன்.

செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெண் அவளுடைய பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், பாதி தீர்ந்த பவுடர் டப்பா, நாப்கின் பாக்கெட். மருந்தகப் பொறுப்பாளர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார்கள். புளிச்சோற்றைக் கரண்டியால் கிளறினார்கள்.

"எந்த ஊரு நீ?"

"அலங்காநல்லூர் பக்கம் சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"நெல் அறுக்குற மிஷின் ஓட்டுறாரு."

"வெளிய யாருக்காச்சும் குடுத்தியா? யாராச்சும் கேட்டாங்களா? இப்பவே சொல்லிட்டா போலீஸ் வரைக்கும் போகாமப் பாத்துக்கலாம்."

"சார், நான் எடுக்கல."

அதைத்தான் அவளால் சொல்ல முடிந்தது. மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை தன் குரலே வேறு யாருடையதோபோல் இருந்தது. மூன்று நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், நடந்ததைக் கைப்பட விளக்கமாக எழுதிக்கொண்டு வா, அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லி, அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டார்கள்.

சின்னான் வயலில் இருந்து அப்படியே வந்தார். சட்டையிலும் தலையிலும் வைக்கோல் தூசு. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நடந்து வந்தார். டாக்டர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். "சரிங்க," என்றார். மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவருடைய டூவீலரில் கிளம்பினார்கள். ரிங் ரோட்டில் லாரிகள் உரசுவதுபோல் போயின. ஊருக்குப் பிரியும் ரோட்டில் வேப்பமரத்தடியில் அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

"ஒரே தடவ கேக்குறேன்த்தா. எடுத்தியா?"

"இல்லப்பா."

"சரி. கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"பாக்காமப் போட்டியா?"

"எழுதாத வரியில போட்டேன்ப்பா."

சின்னான் இப்போது திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பரவாயில்லை. அவர் திகைத்துப்போயிருந்தார். "எம்புட்டுப் படிச்சிருக்க," என்றார். வேறெதுவும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் அம்மா ராக்கம்மாளிடம், மகளுக்குக் காய்ச்சல், அதனால் லீவு என்று சொல்லி வைத்தார்கள். மதியத்துக்குள் வார்டின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பவதாரிணியை நீக்கிவிட்டார்கள். அவள் முத்துமீனாவுக்கு எட்டு தடவை அழைத்தாள். எட்டு தடவையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி மட்டும், 'நெஜமாவா டி?' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பவதாரிணி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

விளக்கக் கடிதத்தை இரண்டு நாள் எழுதினாள், கிழித்தாள். முதலில் எழுதியதில் எல்லாப் பழியும் முத்துமீனா மேல் இருந்தது. படித்துப் பார்த்தால் பொய் சொல்பவள் எழுதியதுபோலவே இருந்தது. இரண்டாவதில் அழுகை மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். நான் மருந்தை எடுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு நாள் எழுதாத வரிகளில் கையெழுத்துப் போட்டேன். போடச் சொன்னது முத்துமீனா. தவறு என்று எனக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். தெரிந்தேதான் போட்டேன். இப்படி எழுதினால் நர்ஸ் பதிவே பறிபோகலாம் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். சின்னான், "இது போதும், குடுத்துட்டு வா," என்றார்.

பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் போனாள். மேட்ரன் அறைக்குப் போகும் முன்பு ஒரு தடவை முத்துமீனாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அது ஒன்றுதான். இரண்டாம் மாடிக்கு ஏறினாள். வார்டில் முத்துமீனா இல்லை. டிரஸ் மாற்றும் அறைக்குப் போயிருப்பதாக ஆயா சொன்னாள்.

அறையின் உள்ளே குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா," என்றாள். பதில் இல்லை. கதவுக்கடியில் இடைவெளியில் ஒரு பாதம் தெரிந்தது. வெள்ளை ஷூ, பாதி கழன்ற சாக்ஸ். தண்ணீர் அதை நனைத்துக்கொண்டு வெளியே வழிந்தது.

பவதாரிணி தோளால் கதவை மோதினாள். இரண்டாம் மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. முத்துமீனா சுவரில் சாய்ந்து, தலை தொங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. கணுக்காலில், சாக்ஸ் மறைக்கும் இடத்தில், நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. விரல்களுக்கிடையில் ஒரு சிரிஞ்ச்.

அடுத்த சில நிமிடங்களில் அவள் எதையும் யோசிக்கவில்லை. கத்தினாள். முத்துமீனாவைத் தரையில் இழுத்துப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்தாள். இமையைப் பிரித்தாள். கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு வந்தது, நின்றது, நீண்ட நேரத்துக்கு வரவில்லை. ஓடிவந்த ஆயாவிடம், "ஆம்பு பேக் கொண்டாங்க! டூட்டி டாக்டரக் கூப்பிடுங்க! நலாக்ஸோன் வேணும்னு சொல்லுங்க!" என்றாள். அந்த மூச்சுப் பை வந்ததும் அதன் முகமூடியை அழுத்திப் பிடித்து மூச்சு கொடுத்தாள். டாக்டர் வந்து, ஃபென்டனிலை முறிக்கும் அந்த மருந்தைப் போட்டு ஒரு நிமிடம் கழிந்ததும் முத்துமீனா உடம்பு முழுக்கக் குலுங்க மூச்சு இழுத்தாள். கண்ணைத் திறந்தாள். தன்மேல் குனிந்திருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சொல்லிராத பவா," என்றாள்.

அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பவதாரிணி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிஞ்ச் அவள் பக்கத்தில் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டை அப்போதுதான் படித்தாள். 'படுக்கை 7 - 10 மணி.' முத்துமீனாவின் கையெழுத்து.

ஏழாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசி இது. அப்படியானால் ஏழாம் படுக்கைக்கு என்ன போனது?

அவள் எழுந்து ஓடினாள். ஏழாம் படுக்கையில் இருளாயி என்ற பெண். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு முந்தின நாள்தான் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மகள், "பத்து மணிக்கே ஊசி போட்டுட்டாங்க சிஸ்டர். இன்னும் வலிக்குது வலிக்குதுங்குறா. கொஞ்சம் பொறுத்துக்கன்னு நான்தான் வஞ்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

கேஸ் ஷீட்டில் பத்து மணி ஊசி போட்டாயிற்று என்று எழுதியிருந்தது.

சேலைத் தலைப்பைக் கடித்திருந்த அந்த வாயைப் பார்த்துக்கொண்டு பவதாரிணி நின்றாள். போன வாரம் மூன்றாம் படுக்கையில் ஒருவர் இப்படித்தான் கத்தினார். 'ஊசி போட்டாச்சுல்ல, சும்மா கத்தாதீங்கய்யா, மத்தவங்க தூங்க வேணாமா?' என்று அதட்டியவள் அவள்தான். அவர் மன்னிப்புக் கேட்டார். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

டூட்டி டாக்டரை இழுத்துவந்து காட்டினாள். அவர் சிரிஞ்ச் சீட்டைப் பார்த்தார், இருளாயியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் புது ஆம்பூலை எடுத்துத் தன் கையாலேயே போட்டார். பத்து நிமிடத்தில் இருளாயியின் விரல்கள் கம்பியை விட்டன.

ஒரு மணி நேரம் கழித்து மேட்ரன் அறைக்கு அழைத்தார்கள். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்கள். காபிகூட வந்தது. முத்துமீனா பிழைத்துக்கொண்டாள், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள் என்றார் டாக்டர் முத்திருளன்.

"ரொம்பச் சமயோசிதமா நடந்துக்கிட்டம்மா. ஒன் மேல இருந்த விசாரணை முடிஞ்சது. நாளைக்கே டூட்டிக்கு வந்துரு." தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

நிம்மதி ஒரு கணம் அவள் உடம்பு முழுக்கப் பரவியது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கை பேனாவை எடுத்தேவிட்டது. பிறகு படித்தாள். அலமாரியைத் துடைக்கும்போது கைதவறி ஒன்பது ஆம்பூல்கள் உடைந்துவிட்டதாகவும், பயத்தில் அதை ரிஜிஸ்டரில் மறைத்துவிட்டதாகவும், பவதாரிணியும் முத்துமீனாவும் சேர்ந்து எழுதிக் கொடுப்பதாக இருந்தது.

நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளத்தனம் ஏதும் இல்லை. உண்மையிலேயே ஒரு நல்ல வழியைக் காட்டுபவரின் முகமாக இருந்தது.

"சார், உடையலயே."

"தெரியும்மா. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போச்சுன்னா இந்த மருந்தை வைக்கிற அனுமதியே ரத்தாகும். ஆபரேஷனே பண்ண முடியாது. அந்தப் பொண்ணு முத்துமீனா வாழ்க்கையும் போயிரும். ஒனக்கும் நல்லதில்ல. எழுதாத வரியில கையெழுத்துப் போட்டவதான நீ?"

"ஆமா சார். அதையும் எழுதியிருக்கேன்." பையிலிருந்து தன் கடிதத்தை எடுத்து வைத்தாள். "ஏழாம் படுக்கை அம்மாவுக்கு என்ன சார் சொல்லுவீங்க? அவங்களுக்கு வெறும் உப்புத் தண்ணிதான போட்டிருக்கு. இன்னும் எத்தன பேருக்கு அப்படிப் போட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்? வலியில கத்துனவங்கள நான் அதட்டியிருக்கேன் சார்."

"ஒனக்கு நெலமை புரியல..."

"சார், விடுங்க," என்றார் தமிழ்வாணி. பவதாரிணியின் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தார். பிறகு நீல அட்டை ரிஜிஸ்டரைத் திறந்து, ஒவ்வொரு வாரமும் கடைசி வரிக்குக் கீழே பச்சை மையில் இருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இது என்னோடது. வாராவாரம் சரிபார்த்தேன்னு போட்டிருக்கேன். ஒரு வாரம்கூட கேஸ் ஷீட்ட எடுத்து வச்சுப் பாக்கல. இருபத்தாறு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. இந்தப் புள்ள பையக் கொட்டிப் பாக்குறப்ப நானும் ஒக்காந்திருந்தேன்."

கடிதத்தின் மூலையில் தேதி முத்திரை வைத்தார். இன்னொரு பிரதி எடுத்து அதிலும் வைத்து, பவதாரிணியிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்க," என்றார். முத்திருளன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறு வாரம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இருவர் வந்தார்கள். மருத்துவமனைக்கு நோட்டீஸ் வந்தது. அனுமதி ரத்தாகவில்லை. இரண்டு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். தமிழ்வாணி தானாகவே மேட்ரன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். நர்சிங் கவுன்சிலில் பவதாரிணிக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது, ஆறு மாதத்துக்கு அந்த வகை மருந்துகளைத் தொடக்கூடாது என்றார்கள். பதிவு போகவில்லை. முத்துமீனாவின் பதிவை நிறுத்தி வைத்து, போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

சிகிச்சை முடிந்து முத்துமீனா திருமங்கலத்தில் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பவதாரிணி போனாள். போகலாமா வேண்டாமா என்று பஸ் ஏறும் வரை தெரியாமல்தான் போனாள்.

முத்துமீனா இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"டிஸ்க் போயிருச்சு, ரெண்டு வருஷமா," என்றாள், கேட்காமலே. "நோயாளியத் தூக்கித் தூக்கி. மாத்திரைக்குக் கேக்கல. ஒரு நாள் பாதி ஆம்பூல் மிஞ்சுச்சு. கீழ ஊத்த வேண்டியதுதானன்னு போட்டுக்கிட்டேன். வலியே இல்ல பவா. அன்னைக்கு வீட்டுக்குப் போயி எம் பொண்ணோட ஸ்கிப்பிங் ஆடுனேன்." நிறுத்தினாள். "அப்புறம் பாதி பத்தல."

பவதாரிணி தான் சுமந்துவந்த கேள்வியைக் கேட்டாள். "ஏன்க்கா என்னைய?"

முத்துமீனா அவளை நேராகப் பார்த்தாள். "மத்தவளுக எல்லாம் ஏன்னு கேட்டாளுக. நீ கேக்கல."

அதில் வன்மம் எதுவும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னாள். பவதாரிணிக்கு அறைந்ததுபோல் இருந்தது. மூன்று மாதம் தன்னிடம் காட்டிய அன்பில் எது அன்பு, எது இந்தக் கணக்கு என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. முத்துமீனாவுக்கே அது தெரியுமா என்றும் தெரியவில்லை.

"காப்பி குடிச்சிட்டுப் போ," என்றாள் முத்துமீனா.

"இல்லக்கா, வாரேன்."

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று புறப்பட்டன. பவதாரிணி நிழற்குடைக்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிலும் ஏறவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. செல்போன் அடித்தது. அப்பா.

"எங்கத்தா இருக்க?"

"திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல."

"பாத்துட்டியா அந்தப் புள்ளைய?"

"பாத்துட்டேன்ப்பா."

மறுமுனையில் அறுப்பு மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் அதை அணைத்தார். "எப்படி இருக்கு அது?"

"நடக்குறாங்கப்பா," என்றாள். "இடுப்பு இன்னும் வலிக்குது."